கசப்புத் தாளுக்குக் காசு கொடுக்கலாம். குணம் சொல்லும் அட்டைக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்கு கசப்பை உணர்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க விற்கும் இந்தப் பெட்டியில் இருக்கும் தாள்களுக்குக் கொடுத்த பணம் தகும். எந்தச் சுவை பிடித்தால் என்ன குணம் என்று சொல்லிக் கூடவே வரும் வழுவழுப்பான வண்ண அட்டைக்குக் கொடுத்தது தண்டம். இரண்டையும் தனித்தனியாக விற்றிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். ஒன்றாகக் கட்டி, மேலே "உங்கள் நாக்கு உங்கள் குணத்தைச் சொல்லும்" என்று அச்சடித்து 650 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்பதால் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. விற்றவர் பெயரைப் போடவில்லை. ஏறக்குறைய இதே பெட்டி இணையத்தில் வேறு வேறு பெயர்களிலும் கிடைக்கிறது.

உள்ளே நான்கு சிறிய பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளத்தில், சுண்டுவிரலைவிட ஒடுங்கலாக நூறு வெள்ளைக் காகிதத் துண்டுகள். முதல் குப்பியில் இருப்பது மருந்து எதுவும் ஏறாத வெறும் தாள். இரண்டாவதில் பி.டி.சி., அதாவது ஃபினைல்தயோகார்பமைடு. மூன்றாவதில் தயோயூரியா. நான்காவதில் சோடியம் பென்சோவேட். ஊறுகாய் பாட்டிலின் பின்புறம் ஐ.என்.எஸ். 211 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதே பொருள்தான். நான்கு தாள்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குப்பியை மாற்றி மூடிவிட்டால் கதை முடிந்தது.

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மரபியல் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தத் தாளின் கதையைச் சொல்லியிருக்கிறேன். தாளைத்தான் கண்ணில் பார்த்ததில்லை. வாங்கித் தரும்படி கேட்டால், "கரும்பலகையில் படம் போட்டால் போதாதா, டீச்சர்?" என்பார்கள். கதை இதுதான். 1931இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நோலர், வாயெல்லாம் கசக்கிறது என்று கத்தினார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நக்கிப் பார்த்தார்கள். ஒருவர் நாக்கில் எட்டிக்காய், இன்னொருவர் நாக்கில் சுண்ணாம்புத் தூள். கசப்பை உணர்வது பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்ற ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் தொடங்கியது. அதற்குக் காரணமான மரபணுவை அடையாளம் கண்டது 2003இல். டிஏஎஸ்2ஆர்38 என்று பெயர், ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. உலக அளவில் பத்தில் ஏழு பேருக்குத் தாள் கசக்கும் என்பது பொதுவான கணக்கு. மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இது கூடும், குறையும்.

திருக்கார்த்திகைக்குக் கோவில்பட்டியில் பிறந்த வீட்டில் எல்லோரும் கூடுவோம் என்பதால் பெட்டியை அங்கே கொண்டுபோனேன். ஓலைக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையும் பரபரப்புக்கு நடுவே சோதனை நடத்த முடியாது. எனவே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், யாரும் வெற்றிலை போடாத, காபி குடிக்காத நேரமாகப் பிடித்தேன். வாங்குபவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன், பெட்டியில் வரும் குறிப்பைவிட இது மேல். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெறும் தாளை முதலில் கொடுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது: கசப்புத் தாள் என்று சொல்லிக் கொடுத்தால் வெறும் காகிதத்துக்கே முகத்தைச் சுளிப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அது அண்ணன். பிறகு பி.டி.சி. தாளை நாக்கின் மேல் படியவைத்து, எச்சிலில் நன்றாக நனைந்த பிறகு கேளுங்கள். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது. அடுத்தவரை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். வாய் உலர்ந்திருந்தால் எந்தச் சுவையும் சரியாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பி.டி.சி. அதிக அளவில் நஞ்சு. தாளில் இருப்பது மிக மிகச் சிறிய அளவு என்பதால்தான் பள்ளி ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஒரு ஆளுக்கு ஒரு தாள் போதும். மென்று விழுங்க வேண்டாம், சின்னக் குழந்தைகள் கையில் குப்பியைக் கொடுக்க வேண்டாம். பெட்டியில் இந்த எச்சரிக்கை அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருக்கிறது. குணம் பற்றிய வாசகம் மட்டும் உள்ளங்கை அகலம்.

இனி வீட்டு நாக்குகள். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. தாளை வாயில் வைத்த உடனே எடுத்துத் திண்ணைக்கு வெளியே எறிந்தார். "இது என்ன கருமம், வேப்பெண்ணெயில் முக்கி எடுத்தாயா?" என்று கேட்டார். அண்ணன் மகன் பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவன்; குழாயடிக்கு ஓடினான். மதினிக்கு லேசாகக் கசந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தாளை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "காகிதம் காகிதமாகத்தான் இருக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும்?" என்றார்.

அன்றைய சாப்பாட்டில் அதலைக்காய்ப் பொரியல் இருந்தது. கரிசல் காட்டைத் தாண்டிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பாகற்காயின் சின்னத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த பிறகு கரிசல் நிலத்தில் தானாகக் கொடி ஓடிக் காய்க்கும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிச் சந்தைகளில் ஐப்பசி, கார்த்திகையில் கூறு கட்டி விற்பார்கள். கசப்பு பாகற்காய்க்குக் குறைந்ததில்லை. அம்மா அதை வெறும் வாயில் தின்பார். கசப்புத் தாளை வீதியில் எறிந்த அதே அம்மா. தாளில் எதுவும் தெரியாத என் வீட்டுக்காரரோ அதலைக்காயைத் தொடவே மாட்டார். தாள் கசந்தவருக்குக் கசப்புக் காய் பிடிக்காது என்ற அட்டையின் கணக்குப்படி இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இருக்க வேண்டியதில்லை. கசப்பை உணர நம் நாக்கில் ஏறக்குறைய இருபத்தைந்து வகை ஏற்பிகள் இருக்கின்றன. பி.டி.சி. தாள் தட்டிப் பார்ப்பது அவற்றில் ஒரே ஒரு கதவை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் உள்ள சில சேர்மங்கள் அமைப்பில் பி.டி.சி.யை ஒத்தவை, அதனால் அந்தக் கதவு வழியாகவே நுழைகின்றன. பாகற்காய், அதலைக்காய்க் கசப்பு வேறு சேர்மங்களால் வருவது. வேப்பம்பூ வேறு, காபி வேறு. ஆகவே இந்தத் தாள் உங்கள் முட்டைக்கோஸ் வெறுப்பைப் பற்றி ஏதாவது சொல்லலாம். என் மகள் தாளைத் துப்பியவள், முட்டைக்கோஸ் கூட்டு என்றால் சிறு வயதிலிருந்தே எழுந்து போய்விடுவாள். அது பொருந்தியது. பாகற்காய்ப் பிரியத்தைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. அட்டையை எழுதியவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை; எல்லாக் கசப்பையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்.

குடும்பத்தோடு சோதிக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய பாடப்புத்தகக் கணக்கில், கசப்பை உணரும் பண்பு ஓங்கியது. உணராத இருவருக்குப் பிறக்கும் பிள்ளையும் உணரக் கூடாது. டி.என்.ஏ. சோதனை வருவதற்கு முன்னால் தந்தை யார் என்ற வழக்குகளில்கூட இந்தச் சோதனையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நடைமுறையில் அவ்வளவு சுத்தமாக இது இயங்குவதில்லை. அரைகுறையாக உணர்பவர்கள் நடுவில் நிறைய இருக்கிறார்கள், விதிவிலக்கும் உண்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் கசக்காமல் பிள்ளைக்குக் கசந்தால் சித்தப்பா, பெரியப்பாக்கள் முன்னால் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். பெட்டியில் போட்டிருக்க வேண்டிய எச்சரிக்கை இது. போடவில்லை.

1939இல் எடின்பரோவில் மரபியல் மாநாட்டுக்காகக் கூடிய ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானிகள் மூவர் அந்த ஊர் மிருகக்காட்சிசாலைக்குப் போய், சர்க்கரைத் தண்ணீரில் பி.டி.சி. கலந்து சிம்பன்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் சில துப்பின, சில குடித்தன. துப்பிய சிம்பன்சி நல்ல குணமா, குடித்தது கெட்ட குணமா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த அளவு நிதானம் இந்த அட்டைக்காரர்களுக்கு இல்லை.

இப்போது அட்டை. கசப்பு பிடித்தால் கொடூர மனம், காரம் பிடித்தால் துணிச்சல், இனிப்பு பிடித்தால் இரக்கம், புளிப்பு பிடித்தால் விமர்சிக்கும் புத்தி, மிதமான உணவு பிடித்தால் அமைதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொம்மை முகம். மதினி முதல் வரியை நிதானமாகப் படித்தார். அதலைக்காயைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்த தன் மாமியாரை ஒருமுறை பார்த்தார். "மற்றதெல்லாம் எப்படியோ, எனக்கு இந்த அட்டை பிடித்திருக்கிறது" என்றார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பது அன்று ஒரு வசதி.

வேடிக்கை என்னவென்றால், இந்த வரிகள் முழுக்கக் கற்பனை அல்ல. சிலவற்றின் பின்னால் ஏதோ ஓர் ஆய்வு இருக்கிறது. அதைப் பிழிந்து, சாற்றைக் கொட்டிவிட்டு, சக்கையை அச்சடித்திருக்கிறார்கள். கசப்பு பற்றியது ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2016இல் வெளியிட்டது. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்கர்களிடம், எந்தச் சுவை எவ்வளவு பிடிக்கும் என்றும், பிறர் துன்பத்தில் இன்பம் காண்பது போன்ற குணங்கள் எவ்வளவு உண்டு என்றும் கேள்வித்தாளில் கேட்டார்கள். கசப்பு பிடிக்கும் என்றவர்களிடம் இந்தக் கெட்ட குணங்கள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. அவ்வளவுதான். யார் நாக்கிலும் யாரும் கசப்பை வைத்துப் பார்க்கவில்லை. எல்லாம் அவரவர் எழுதிக்கொடுத்தது. "எனக்குக் கசப்பு பிடிக்கும்" என்று அமெரிக்கர் ஒருவர் எழுதும்போது அவர் மனதில் கறுப்புக் காபியும் டானிக் தண்ணீரும் இருக்கும். அந்தச் சமூகத்தில் கசப்பைத் தேடிப் போவதே கொஞ்சம் முரட்டுத்தனமான அடையாளம். வாரம் ஒரு நாளாவது சுண்டைவற்றல் குழம்பு வைக்கும், சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியோடு ஆண்டைத் தொடங்கும் ஊருக்கு அதே முடிவை எப்படிக் கொண்டுவந்து ஒட்டுவது? கணக்கு அப்படியானால் தெற்கே பாதிச் சனம் சிறையில் இருக்க வேண்டும்.

காரத்துக்கு ஆதாரம் இதைவிடக் கொஞ்சம் வலுவானது. அதனால் இதில் நின்று பேசலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்த ஆய்வு, புதுப்புதுப் பரபரப்பைத் தேடும் குணமுள்ளவர்களுக்கு மிளகாய்க் காரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கண்டது. அதே ஆய்வாளர்கள் 2015இல் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களிடம் காரப் பிரியம் அந்தப் பரபரப்பு நாட்டத்தோடு சேர்ந்து வந்தது. ஆண்களிடமோ பரிசு, பாராட்டு போன்றவற்றுக்கு மயங்கும் குணத்தோடு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. இதைப் படித்தபோது அண்ணன் மகன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. கடை பஜ்ஜியோடு வரும் பச்சை மிளகாயைக் கூட்டம் இருந்தால் மட்டும் கடிப்பான்; கடித்துவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். தனியாகச் சாப்பிடும்போது குழம்பில் கிடக்கும் மிளகாயை ஓரமாக எடுத்துவைப்பதை நானே பார்த்திருக்கிறேன். சித்தி வேறு ரகம். காலையில் எல்லோரும் எழுவதற்குள் பழைய சோற்றுக்கு மோர்மிளகாயை வறுத்து, அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியத் தின்பார். யாரும் பார்க்க வேண்டியதில்லை. அட்டையில் இருவருக்கும் ஒரே பொம்மை: சிங்கம்.

மிளகாய் சுவையே அல்ல என்பதும் அட்டைக்குத் தெரியவில்லை. அதிலுள்ள கேப்சைசின் வாயில் சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. சுடாமலே சுட்டதாக மூளைக்குச் சேதி போகிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியைப் போய் மனிதன் ஏன் விரும்புகிறான்? பால் ரோசின் என்ற உளவியலாளர் மெக்சிகோ கிராமம் ஒன்றில் போய்ப் பார்த்தார். அந்த ஊர்க் குழந்தைகளை யாரும் வற்புறுத்துவதில்லை. பெரியவர்கள் தின்பதைப் பார்த்துப் பார்த்து ஐந்து முதல் எட்டு வயதுக்குள் தாங்களே மிளகாய்க்கு வந்துவிடுகிறார்கள். அதே வீட்டு மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்த நாய்களும் பன்றிகளும் மட்டும் மிளகாய் போட்டதையும் போடாததையும் வைத்தால் போட்டதை நாடவில்லை. ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டே வலியை ரசிப்பது மனிதப் பழக்கம் என்றார் அவர். எனக்கு இது சரியாகப் படுகிறது. சித்தியின் கண்ணீருக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. இன்னொன்றும் உண்டு. மிளகாய் இந்த மண்ணுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்ததே பதினாறாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் இங்கே துணிச்சலானவர்கள் எதைத் தின்றார்களோ, அட்டைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இனிப்புக்கு 2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. இனிப்புப் பிரியர்கள் பிறருக்கு உதவும் குணத்தில் கொஞ்சம் முன்னால் நின்றார்கள், சாக்லேட் தின்ற கையோடு கேட்டால் உதவ முன்வருவதும் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மருமகன் திருநெல்வேலி அல்வாவைக் கால் கிலோ ஒரே மூச்சில் முடிப்பார்; தங்கமான பிள்ளை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எதிரே வரும் லாரி, பஸ், ஆட்டுக்கிடை எதுவும் அவர் வாய்க்குத் தப்பாது. அந்த நேரத்தில் அவர் வாயில் மிட்டாய் இருந்தும் பயனில்லை, பார்த்துவிட்டோம்.

உணவை வைத்து ஆளை அளப்பது புதிது அல்ல. பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. சாறும் நெய்ப்பும் உள்ள, உடலுக்கு உறுதி தரும் உணவு சாத்துவிகர்களுக்குப் பிடித்தது. கசப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு, கடும் சூடு எல்லாம் ராஜசர்களுக்கு. ஆறிப்போனது, இரவைத் தாண்டிப் பழையதானது, எச்சில் பட்டது தாமசர்களுக்கு. அப்படிப் பார்த்தால் பழைய சோறு தின்னும் சித்தி தாமசி, சோம்பேறி. விடியும் முன் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, முற்றம் தெளித்து, அதன் பிறகு பழையதைக் கையில் எடுக்கும் சோம்பேறி. ஆனால் கீதைப் பட்டியலுக்கு ஒரு மரியாதை உண்டு. அது 650 ரூபாய் கேட்கவில்லை.

அப்படியானால் ஒருவர் விரும்பும் உணவு அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாதா? நிறையச் சொல்லும், அட்டை கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லாது. எங்கே பிறந்தார், யார் கையால் தின்றார், எதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது, எது இருக்கவில்லை, இவற்றை எல்லாம் இலையில் படிக்கலாம். என் வீட்டுக்காரர் கும்பகோணத்துப் பக்கம். அதலைக்காயைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தார். அதற்குள் நாக்கு தன் கதவுகளைச் சாத்திவிட்டது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை கேரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது என்று காட்டியது. அம்மா என்னைச் சுமந்தது மழைக்காலம். அதலைக்காய் எனக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு என் குணத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். அந்த ஆண்டு சந்தையில் என்ன விலைக்கு விற்றது என்று பார்த்தால் போதும்.

குணம் தெரிய வேண்டுமென்றால், பிடித்ததை விட்டுவிட்டுப் பிடிக்காததைக் கவனியுங்கள் என்பேன். அன்றைய பந்தியிலேயே அது தெரிந்தது. வீட்டுக்காரர் தனக்கு வைத்த அதலைக்காயை அப்பளத்துக்கு அடியில் மறைத்தார்; முப்பது ஆண்டுக்கு மேலாக அம்மா அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார். மருமகன் இரண்டு வாய்த் தண்ணீரோடு மாத்திரை போல விழுங்கிவிட்டு, "அருமையாக இருக்கிறது, ஆச்சி" என்றார். உடனே இன்னொரு கரண்டி விழுந்தது. மகள் இலையில் வைப்பதற்கு முன்பே கையை நீட்டித் தடுத்தாள். அண்ணன் மகன் அதன் சத்துகள் பற்றிக் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினான், தின்னவில்லை. இந்த நான்கு பேரையும் அட்டை ஒரே வரியில் முடித்துவிடும்: கசப்பு பிடிக்காதவர்கள், எனவே மென்மையானவர்கள்.

பெட்டியோடு ஒரு நீல நிறப் புட்டியும் துளையிட்ட காகித வளையமும் வருகிறது. நாக்கு நுனியில் நீலம் தடவி, வளையத்துக்குள் தெரியும் இளஞ்சிவப்புப் புடைப்புகளை எண்ணி, அதிகமாக இருந்தால் நீங்கள் அதிசுவைஞர், அதாவது மற்றவர்களைவிடக் கூர்மையாகச் சுவையை உணர்பவர், என்று அறியலாமாம். அதிசுவைஞர் என்ற கருத்தை 1990களில் பரப்பியவர் லிண்டா பார்டோஷுக் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் பயன்படுத்தியது ப்ராப் என்ற வேறொரு கசப்பு, தைராய்டு மருந்தாகத் தருவது. ஆனால் டென்வர் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களின் நாக்குகளை எண்ணி 2014இல் வெளியிட்ட ஆய்வில் புடைப்பின் எண்ணிக்கைக்கும் கசப்பு உணர்வுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தெரியவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நீல நாக்கு நல்ல பொழுதுபோக்கு. சாயம் மறுநாள் வரை போகவில்லை, கல்யாண வீட்டுக்குப் போகும் முன் தடவ வேண்டாம்.

தயோயூரியா குப்பியை நான் திறக்கவில்லை. பி.டி.சி. காட்டுவதைத்தான் அதுவும் ஏறக்குறையக் காட்டும், இன்னொரு வேதிப்பொருளை வீட்டாரின் வாயில் வைக்கக் காரணம் இல்லை. சோடியம் பென்சோவேட் தாள்தான் எதிர்பாராத விருந்து. ஒரே தாள் அண்ணனுக்கு உப்பு, மதினிக்கு இனிப்பு, எனக்குக் கசப்பு, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆளாளுக்கு வேறு பதில் வரும் என்று படித்திருந்தேன். ஒரே திண்ணையில் நேரில் கேட்பது வேறு. மாணவிகள் முன்னால் இதை வைத்திருந்தால் ஒரு வாரப் பாடம் ஓடியிருக்கும்.

குறைகள். இரண்டாவது குப்பியின் மூடி தளர்ந்தே வந்தது. மழைக்காலத்தில் அது போதும், தாள் நமுத்துவிடும். புகார் எழுதினேன், "உங்கள் குணத்துக்கு ஏற்ற அடுத்த பொருள்" என்று ஒரு விளம்பரம் பதிலாக வந்தது. குப்பிகளில் தயாரித்த தேதி இல்லை. அட்டைக்குச் செலவழித்த தாளிலும் மையிலும் பாதியைப் பாதுகாப்புக் குறிப்புக்குச் செலவழித்திருக்கலாம்.

விலங்கியல் ஆசிரியர்களும், பிள்ளைகளுக்கு மரபியலை நாக்கில் காட்ட விரும்பும் பெற்றோரும் வாங்கலாம். ஆனால் இந்தப் பெட்டியாக வேண்டாம். பள்ளி, கல்லூரி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் பி.டி.சி. தாளும் வெறும் தாளும் தனிக் குப்பியாகக் கேளுங்கள். அட்டையும் நீல மையும் இல்லாததால் செலவும் குறையும். தாளுக்கு ஐந்துக்கு நாலரை. அட்டைக்கு மதிப்பெண் கிடையாது. வந்ததும் குப்பிகளின் மேல் நிரந்தர மையால் எண் போட்டுவிடுங்கள், மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உடன் போட்டு, அடுக்களைக்கு வெளியே அலமாரியில் வையுங்கள்.